டிரஸ்ஸர் ஐயா பதில்கள்: கடற்கரையிலிருந்து வூலிங் வரை

கேள்வி: வணக்கம் ஐயா. பீடோரில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை நான், வயது 37. வருடக் கடைசியில் தைவானில் நடக்கும் கே.ஓ.எம். (மலை அரசன்) மலைச்சாலை சைக்கிள் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். வார இறுதியில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே 50 கிலோமீட்டர் ஓட்டுவேன், எல்லாம் தட்டைச் சாலை. 3,275 மீட்டர் உயரத்தில் மூச்சு நின்றுவிடும், இப்போதே டயாமாக்ஸ் மாத்திரை வாங்கி வை என்று எங்கள் குழுவில் பயமுறுத்துகிறார்கள். ஐந்து மாதத்தில் தயாராக முடியுமா?
– ஒரு வாசகி, பீடோர்

பதில்: முடியும் டீச்சர். உங்கள் குழுதான் பயப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ பயந்துகொண்டிருக்கிறது.

முதலில் மாத்திரை விஷயத்தை முடித்துவிடுவோம். போட்டி முடியும் உச்சியான வூலிங்கிலும் காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடுதான். காற்றழுத்தம்தான் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகிவிடும். அதனால் மேலே கால் பலம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததுபோல் இருக்கும். தலைவலி, வாந்தி என்று வரும் மலைநோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல் பல மணி நேரம் தங்கினால்தான் பிடிக்கும். லடாக்கின் லே மாதிரி 3,500 மீட்டரில் போய் இறங்கி அங்கேயே படுத்துத் தூங்குகிறவர்களுக்கு டாக்டர் அந்த மாத்திரையை எழுதிக் கொடுப்பதில் அர்த்தம் உண்டு. நீங்கள் ஏறிய அன்றே இறங்கிவிடுவீர்கள். அது சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை, விரல் நுனியெல்லாம் மதமதக்கும். போட்டியாளர்களுக்குத் தடை செய்யப்பட்ட மருந்துகளிலும் அது உண்டு. அந்தக் காசில் கிளினிக்கில் ஹீமோகுளோபினும், இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்த்துவிடுங்கள். முப்பது வருடம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தவன் சொல்கிறேன், வெளுத்துப்போய் நிற்பதே தெரியாமல் வேலைக்குப் போகும் பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரத்தத்தில் சத்தில்லாமல் மலைக்குப் போகக் கூடாது.

இனி நிஜமான ஆபத்து. ஹுவாலியன் கடற்கரையில் தொடங்கி 105 கிலோமீட்டர். முதல் 18 கிலோமீட்டர் அனேகமாகத் தட்டை. பிறகு தாரோக்கோ பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் பளிங்குப் பாறை, கீழே ஆறு, நிழல், குளிர்ச்சி. பள்ளத்தாக்கின் உள்ளே இருக்கும் தியன்சியாங் என்ற ஊருக்குப் போய்ச் சேரும்போதுகூட 500 மீட்டர் ஏறியிருக்க மாட்டீர்கள். கால் துள்ளும். முன்னால் போகிற கூட்டத்தின் பின்னால் ஒட்டிக்கொள்ளத் தோன்றும். நான் ஒட்டிக்கொண்டேன். 2018-இல், எனக்கு 57 வயது, தாப்பாவிலிருந்து போன ஒரே கிழவன். ஏதோ இருபது வயது வந்துவிட்ட மாதிரி ஓட்டினேன். 2017-இல் இத்தாலிய சைக்கிள் வீரர் வின்சென்சோ நிபாலி அந்த மலையை 3 மணி 19 நிமிடம் 54 விநாடியில் ஏறி முடித்தவர். அதே நேரக் கணக்கில் நான் சாலையோரம் குந்தி, கெண்டைக்காலைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

ஆகவே உங்கள் பயிற்சியில் பாதி, மெதுவாகப் போகப் பழகுவது. இதயத் துடிப்பு காட்டும் கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் என் அளவுகோல் இது: தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும் கிராணி (கணக்கர்) மாதிரி நாலு பேரை ஒரே மூச்சில் கூப்பிட முடிய வேண்டும். இரண்டாவது பேரிலேயே மூச்சு வாங்கினால் கியரை இறக்குங்கள். யார் முந்தினாலும் போகட்டும். அவர்களில் பாதிப் பேரை 2,000 மீட்டருக்கு மேல் பார்ப்பீர்கள்.

கியர்தான் எனக்கு இரண்டாவது பாடம். முன்னால் 34 பல், பின்னால் 28 பல் போட்டுப் போனேன். உச்சிக்கு முந்தைய தாயூலிங் என்ற இடத்தைத் தாண்டிக் கடைசி 10 கிலோமீட்டரில் சில இடங்களில் சரிவு 27 விழுக்காடு. அங்கே சைக்கிள் நின்றது, நானும் நின்றேன், அப்புறம் தள்ளிக்கொண்டு நடந்தேன். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 34-க்கு 34 என்றாலே ஒரு மிதிக்குப் பின்சக்கரம் ஒரு சுற்று. நிமிடத்துக்கு 60 மிதி வைத்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகம். இருபது விழுக்காட்டுச் சரிவில் அந்த வேகமே நமக்கு அதிகம். பின்னால் 36, முடிந்தால் 40 பல் போடுங்கள். அதற்கு லாங் கேஜ் ஆர்.டி. (சங்கிலியைப் பல் மாற்றும், நீளக் கை உள்ள பின்பக்கக் கருவி) வேண்டும், கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். இளவட்டங்கள் சிரிக்கும். சிரிக்கட்டும்.

தட்டைச் சாலை என்று குறைப்பட வேண்டாம். தட்டையில் நாம் செய்யும் தப்பு, நாலு மிதி மிதித்துவிட்டு உருளவிடுவது. மலை உருளவிடாது. வாரத்தில் இரண்டு நாள், எதிர்க்காற்றில், இருபது நிமிடம் மிதிப்பதை நிறுத்தாமல் ஓட்டி, ஐந்து நிமிடம் விட்டு இன்னோர் இருபது. ஞாயிறு, கேமரன் மலைச்சாலை தொடங்கும் தாப்பாவுக்கு வந்துவிடுங்கள். முதல் மாதம் லாத்தா இஸ்கந்தர் அருவி வரை போதும். அடுத்து ரிங்லெட். மூன்றாம் மாதம் தானா ராத்தா, ஏறக்குறைய 60 கிலோமீட்டர், 1,400 மீட்டர் ஏற்றம். போட்டிக்கு ஒரு மாதம் முன்பு ஒரே ஒரு தடவை, தானா ராத்தாவில் பசியாறிவிட்டு அப்படியே பிரிஞ்சாங் மலை உச்சி, 2,031 மீட்டர். தேயிலைத் தோட்டத்துக்கு மேலே அந்தக் குறுகல் சாலை முகத்தில் அடிக்கிற மாதிரி நிமிரும். அங்கே கியர் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். காலை ஏழு மணிக்கு வெளிச்சம் வந்ததும் கிளம்புங்கள், மத்தியானம் மழை.

சாப்பாடு: மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து. நடுத்தர வாழைப்பழம் இரண்டும் அரை போத்தல் 100 பிளஸ் பானமும் அந்தக் கணக்குக்கு வந்துவிடும். பசித்த பிறகு சாப்பிட்டால் வேலைக்கு ஆகாது, முதல் மணியிலிருந்தே தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வயிறு ஏற்காததைப் போட்டி அன்று வாயில் வைக்காதீர்கள்.

குளிர் பற்றி யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி குறையும், கடற்கரைக்கும் உச்சிக்கும் இருபது டிகிரி வித்தியாசம். தாயூலிங்குக்குச் சற்று முன்பு ஓர் இறக்கம் வரும். வேர்வையில் நனைந்த சட்டையோடு அதில் இறங்கினேன். கீழே நின்று கடலை மிட்டாய்த் தாளைப் பிரிக்கப் பார்க்கிறேன், விரல் மடங்கவில்லை. நகமெல்லாம் நாவல்பழ நிறம். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா பார்த்தார். மிட்டாயை வாங்கிப் பல்லால் தாளைக் கிழித்து என் வாயில் வைத்துவிட்டு, தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தார். ஒரு வார்த்தை பாஷை தெரியாது. அந்தக் கையுறை இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. உச்சிக்குப் போனபோது 6 மணி 20 நிமிடம். நீங்கள் மடித்தால் கைக்குள் அடங்கும் காற்றுச் சட்டையும் முழு விரல் கையுறையும் முதுகுப் பையில் வையுங்கள்.

இன்னொன்று. 2024 ஏப்ரல் நிலநடுக்கத்தில் தாரோக்கோ சாலை பலமாகச் சேதப்பட்டது. விமான டிக்கெட் எடுக்குமுன் இந்த வருடப் பாதையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உயரப் பயிற்சி முகமூடி என்று 200 வெள்ளிக்கு விற்கிறார்கள். போட்டுக்கொண்டு ஓட்டினால் மலைக் காற்றுக்கு உடம்பு பழகுமா ஐயா?
– சுங்கை சிப்புட் இளைஞர்

பதில்: பழகாது தம்பி. அது காற்று வருவதைத் தடுக்கிறது, காற்றின் அழுத்தத்தைக் குறைப்பதில்லை. மூச்சுத் தசைக்குக் கொஞ்சம் வேலை கிடைக்கும், அவ்வளவுதான். 200 வெள்ளிக்கு நல்ல கேசட் (பின்சக்கரப் பல் கட்டு) வாங்கலாம்.

கேள்வி: ரிம் பிரேக் (சக்கர விளிம்பை அழுத்தி நிறுத்தும் பிரேக்) சைக்கிளுக்குக் கார்பன் சக்கரம் வாங்கியிருக்கிறேன். கேமரன் மலையிலிருந்து இறங்கும்போது சூடாகி டியூப் வெடிக்குமாமே, உண்மையா?
– சிலிம் ரீவர் வாசகர்

பதில்: உண்மை. பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறி, பிசின் இளகி, டியூப் போய்விடும். வளைவுக்கு முன்னால் நேர்ச்சாலையிலேயே அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் விட்டுவிடுங்கள். கார்பனுக்கென்று உள்ள பிரேக் கட்டையைத்தான் போட வேண்டும். அலுமினியச் சக்கரத்தில் ஓடிய கட்டையில் உலோகத் துணுக்குகள் பதிந்திருக்கும், ரிம்மைக் கீறிவிடும். என்னைக் கேட்டால் கேமரனுக்குப் பழைய அலுமினியச் சக்கரமே போதும். கார்பனைச் சிலிம் ரீவர் கோப்பிக் கடை முன்னால் நிறுத்தி வையுங்கள், அழகாக இருக்கும்.