ஸ்பேசர் போட்ட கார்

கேள்வி: எட்டு வருடமாக ஒரு டீசல் ஹாட்ச்பேக் ஓட்டுகிறேன். வேகத்தடையில் அடிப்பக்கம் இடிக்கிறது என்று போன வருடம் முன் ஸ்பிரிங்கில் ஸ்பேசர் என்ற ரப்பர் துண்டைப் போட்டு உயர்த்தினேன். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் முன்பு லேசாக ஒரு பக்கம் இழுக்கும். இப்போது ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மூன்று முறை அலைன்மென்ட் பார்த்தாயிற்று. 'டார்க் ஸ்டீயர்' என்கிறார் நண்பர். ஏன் இப்படி அதிகமாகிறது?
- வாசகர், தருமபுரி

பதில்: நண்பர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். இன்ஜினின் முறுக்கே ஸ்டியரிங்கை ஒரு பக்கம் இழுப்பதற்குப் பெயர்தான் டார்க் ஸ்டீயர். ஆனால் உங்கள் கேள்வியில் என் கண் போய் நின்ற இடம் 'வேகத்தடை'.

இந்தப் பக்கத்தில் வேகத்தடையைப் பற்றி நான் எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் 1988-லேயே இதற்கு அளவு சொல்லிவிட்டது. 25 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்கான தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். அதாவது ஏறுவது தெரியாமல் ஏறி, இறங்குவது தெரியாமல் இறங்க வேண்டும். எங்கள் தெருமுனையில் இருப்பதை அளந்து பார்த்தேன். ஒரு சாண் உயரம். ஒரே எட்டில் தாண்டிவிடலாம். உச்சியில் தார் மழுங்கி, கார்களின் வயிறு உரசிய வெள்ளைக் கோடுகள் வரிவரியாக இருக்கின்றன. பிரசவ வலியோடு ஆட்டோவில் போகிற பெண்ணும் அதன் மேல்தான் ஏறி இறங்குகிறாள். "ஊர்க்காரர்கள் கேட்கிறார்கள், போடுகிறோம்" என்று ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் முன்பு எனக்குப் பதில் எழுதினார். ஐயா, ஊர்க்காரர்கள் கேட்டது பிள்ளைகள் பத்திரமாக ரோட்டைக் கடக்க ஒரு வழி. ஒரு லோடு தாரைக் கொட்டி மேடு கட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இதில் நான் இறங்கி வருவதாக இல்லை.

சரி, உங்கள் காருக்கு வருவோம். அந்த மேட்டுக்குப் பயந்து நீங்கள் வைத்த ஸ்பேசர்தான் முதல் சந்தேகம்.

உங்கள் காரில் இன்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது, கியர்பாக்ஸ் அதன் ஒரு ஓரத்தில். அதனால் ஒரு பக்கச் சக்கரத்துக்கு முறுக்கைக் கொண்டுபோகிற தண்டு, அதாவது டிரைவ் ஷாஃப்ட், குட்டை, மற்றது நீளம். காரைத் தூக்கினால் சக்கரம் இருந்த இடத்திலேயே இருக்கும், கியர்பாக்ஸ் மேலே போய்விடும். ஷாஃப்ட் சரிந்து நிற்கும். ஒரு கணக்குக்கு, குட்டை ஷாஃப்ட் 40 சென்டிமீட்டர், நீளமானது 70, இரண்டும் முன்பு மட்டமாக இருந்தன என்று வைத்துக்கொள்வோம். 3 சென்டிமீட்டர் தூக்கினால் குட்டை 4 டிகிரிக்கு மேல் சரியும், நீளமானது இரண்டரை டிகிரிதான் சரியும். முனையில் இருக்கும் இணைப்பு மடங்கிய நிலையில் ஷாஃப்ட் சக்கரத்தை முறுக்கும்போது, அந்த முறுக்கில் கொஞ்சம் சக்கரத்தை உருட்டுவதை விட்டுவிட்டு அதை ஒரு பக்கமாகத் திருப்பப் பார்க்கும். இரண்டு பக்கமும் ஒரே சரிவு என்றால் இந்த இரண்டு திருப்பலும் எதிரெதிராக இருந்து ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். சரிவு வேறு வேறு என்றால் மிச்சம் உங்கள் கைக்கு வந்து சேரும். அழுத்தி ஓட்டும்போது காரின் மூக்கு வேறு தூக்குகிறது, சரிவு இன்னும் கூடுகிறது. டீசல் டர்போ 2,000 சுற்றுக்குப் பக்கத்தில் திடீரென்று முறுக்கைக் கொட்டுவதால் அந்த இழுப்பு வெட்டு மாதிரி தெரியும்.

அலைன்மென்ட் மேடையில் கார் சும்மா நிற்கிறது. உங்கள் தொல்லையோ இன்ஜின் முறுக்கும்போது மட்டும் வருவது. மூன்று முறை என்ன, முப்பது முறை பார்த்தாலும் அங்கே அது அகப்படாது.

எட்டு வருடக் கார் என்பதால் இன்னொன்றையும் பாருங்கள், லோயர் ஆர்ம் புஷ். சக்கரத்தைக் காரின் உடலோடு கீழே பிடித்திருக்கும் கை லோயர் ஆர்ம், அது பொருந்துகிற இடத்து ரப்பர்தான் புஷ். என் பழைய காரில் மெக்கானிக் டார்ச் அடித்துக் காட்டினார். ரப்பர் அரைவட்டமாகக் கிழிந்து, நகம் உள்ளே போகும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. கம்பியால் நெம்பியதும் ஆர்ம் முன்னும் பின்னும் ஆடியது. அழுத்தினால் ஒரு பக்கம், காலை எடுத்தால் மறுபக்கம் என்று கார் போனால் இந்த ரப்பர் மேல் சந்தேகப்படலாம். இன்ஜினைத் தாங்குகிற மவுண்டும் தளர்ந்திருந்தால் இன்ஜினே சாய்ந்து ஷாஃப்டின் சரிவை மாற்றும். முன் டயர் இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே தேய்மானம், ஒரே காற்று இருக்கட்டும். அவற்றை இடம் வலம் மாற்றிப் பார்த்து, இழுக்கிற பக்கமும் மாறினால் குற்றவாளி டயர்.

2009-ல் வந்த ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ், 300 குதிரைத்திறனுக்கு மேல் முன்சக்கரங்களுக்கே கொடுத்தது. அதற்காகச் சக்கரம் திரும்புகிற அச்சையே சக்கரத்தின் நடுவுக்கு அருகில் கொண்டுவரத் தனி நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திருப்புகிற பாகம்) செய்தார்கள். அவர்கள் அவ்வளவு பாடுபட்டுக் குறைத்ததை நாம் ஒரு ரப்பர் துண்டை வைத்துக் கூட்டிக்கொள்கிறோம்.

முதலில் ஸ்பேசரைக் கழற்றுங்கள். புஷ், மவுண்ட் பார்த்துவிட்டு அப்புறம் ஒரே ஒரு முறை அலைன்மென்ட். கார் எப்படி ஓடுகிறது என்று எனக்கு எழுதுங்கள். கூடவே அந்த வேகத்தடையின் உயரத்தையும் அகலத்தையும் டேப் பிடித்து அளந்து அனுப்புங்கள், இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன்.