முதல் ஐரோப்பா ட்ரிப்புக்கு ப்ராக்: காசு எங்க மிச்சம், எங்க கசியுது?

கேள்வி: அக்கா வணக்கம், நாங்க சேலம். நானும் வீட்டுக்காரரும் 9 வயசு பொண்ணும் வர்ற ஏப்ரல் கடைசில, அவளுக்கு லீவு விட்டதும், முதல் தடவையா ஐரோப்பா போலாம்னு இருக்கோம். பாரிஸ், சுவிஸ் எல்லாம் நமக்கு கட்டுப்படியாகாது, செக் நாட்டு தலைநகர் ப்ராக் பழைய ஊரு, செலவும் கம்மின்னு சொல்றாங்க. இங்க ட்ராவல்ஸ்ல கேட்டா 8 நாள்ல 5 நாடு பேக்கேஜ் இருக்கு, அதுலயே ப்ராக்கும் வருது, தனியா போனா பாஷை தெரியாம மாட்டிப்பீங்கன்னு பயமுறுத்தறாங்க. 5 ராத்திரிக்கு நாங்களே போய்ட்டு வர முடியுமா? எதுல மிச்சம் பண்ணலாம், எதுல பண்ணக்கூடாது?

பதில்: தாராளமா நீங்களே போகலாம் தங்கச்சி. அந்த பேக்கேஜ்காரங்ககிட்ட தினப்படி ப்ரோக்ராம எழுத்துல வாங்கி, ப்ராக்குக்கு எத்தனை மணி நேரம்னு மட்டும் பாருங்க. நான் படிச்ச அந்த மாதிரி ப்ரோக்ராம்ல எல்லாம் மத்தியானம் பஸ்ல இறக்கி விட்டு ஒரு நடை சுத்தி காட்டிட்டு ராத்திரி ஊருக்கு வெளிய ஹைவே ஓரமா ஒரு ஹோட்டல்ல படுக்க வெச்சு மறுநாள் காலைல அடுத்த நாட்டுக்கு கிளப்பிடறாங்க. 9 வயசு குழந்தைக்கு அதுல பஸ் சீட்டு மட்டும் தான் ஞாபகம் இருக்கும். பாஷை ஒரு பிரச்சனையே இல்ல, சென்டர்ல ஹோட்டல், கடை எல்லாத்துலயும் இங்கிலீஷ் பேசறாங்க.

முதல்ல விசா, ஏன்னா மொத்த காசும் அதுல தான் மாட்டிக்கும். ஷெங்கன் விசான்னா ஐரோப்பாவுல பல நாட்டுக்கும் சேர்த்து ஒரே விசா, அதோட ஃபீஸ் 2024 ஜூன்ல இருந்து பெரியவங்களுக்கு 90 யூரோ, 6 முடிஞ்சு 12 ஆகாத குழந்தைக்கு 45 யூரோ, ஆக உங்க மூணு பேருக்கு 225 யூரோ, அது போக விசா அப்ளிகேஷன் வாங்கற சென்டர்ல சர்வீஸ் சார்ஜ். விசா கிடைக்கலன்னா இந்த காசு திரும்பாது. பயண தேதிக்கு 6 மாசம் முன்னாடியே அப்ளை பண்ணலாம், கிளம்பறதுக்கு 15 நாள் முன்னாடி வரைக்கும் எடுத்துக்குவாங்க, ஆனா லீவு சீசன்ல அப்பாயின்ட்மென்ட் கிடைக்கறதே கஷ்டம், அதனால ஜனவரிலயே வேலைய ஆரம்பிங்க. ட்ராவல் இன்சூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோ கவர் இருக்கணும். ஹோட்டல ஃப்ரீ கேன்சலேஷன் இருக்கறதா பாத்து போடுங்க, விசா கைக்கு வர்றதுக்கு முன்னாடி ரீஃபண்ட் இல்லாத டிக்கெட்ட வெல கம்மியா இருக்குன்னு வாங்கிடாதீங்க. விசா கேரண்டின்னு சொல்லி காசு கேக்கற ஏஜென்ட் யாரா இருந்தாலும் நம்பாதீங்க, முடிவு தூதரகத்துது, அதுக்கு யாராலயும் கேரண்டி குடுக்க முடியாது.

தங்கற எடம் தான் அடுத்த பெரிய செலவு. ஊருக்கு நடுவுல பழைய பகுதியான ஓல்டு டவுன் சதுக்கத்துக்கு பக்கத்துலயே வேணும்னு தேடாதீங்க, அங்க ரூமும் விலை, கீழ ராத்திரி முழுக்க கூட்டமும் சத்தமும். வினோஹ்ராடி, ஷிஷ்கோவ், கார்லின், ஹோலெஷோவிட்சே இந்த பேட்டைகள்ல கிச்சனோட சின்ன அபார்ட்மென்ட்டா பாருங்க. வினோஹ்ராடில நாமேஸ்டி மீருன்னு ஒரு மெட்ரோ ஸ்டேஷன், அங்க இருந்து சென்டர்ல இருக்கற மூஸ்டெக் ஸ்டேஷனுக்கு ரெண்டே ஸ்டாப்பு தான், அதே எடத்துல 22ம் நம்பர் டிராம் ஏறினா நேரா ப்ராக் கோட்டை வாசல். கிச்சன் இருந்தா ஒரு கிலோ அரிசியும் தயிரும் சூப்பர்மார்க்கெட்ல வாங்கினா ராத்திரி சாப்பாட்டு செலவு பாதியாயிடும், குழந்தைக்கும் வயிறு கெடாது. புக் பண்ற விலைக்கு மேல ஊர் வரின்னு ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 50 கொருனா அங்க போனதும் கேப்பாங்க, அது நியாயமான வரி தான், 18 வயசுக்குள்ள இருந்தா கிடையாது, உங்களுக்கு மொத்தம் 500 கொருனா ஆகும். அங்க யூரோ இல்லங்கறத மறந்துடாதீங்க, செக் கொருனா, ஒண்ணு நம்ம காசுக்கு ஏறக்குறைய 4 ரூபா.

ஏர்போர்ட்ல இருந்து டாக்ஸி வேணாம். வாசல்லயே 59ம் நம்பர் டிராலிபஸ், வெலெஸ்லவீன் ஸ்டேஷன்ல விடும், அங்க இறங்கி பச்சை லைன் மெட்ரோ, ஒரே 90 நிமிஷ டிக்கெட் ரெண்டுக்கும் செல்லும். ஆனா ஒரு விஷயம், டிக்கெட் வாங்கினா மட்டும் போதாது, முதல் தடவை ஏறும்போது மஞ்சள் மெஷின்ல நுழைச்சு நேரம் குத்தணும், அத குத்தாம இருந்தா டிக்கெட் இல்லாத மாதிரி தான். டிக்கெட் செக் பண்றவங்க சாதா ட்ரெஸ்ல வருவாங்க, தெரியாதுன்னு சொன்னா விட மாட்டாங்க, ஃபைன் டிக்கெட்ட விட பல மடங்கு. போன் ஆப்ல வாங்கினா வண்டி ஏறறதுக்கு கொஞ்சம் முன்னாடியே ஆக்டிவேட் பண்ணிடுங்க, ஒண்ணு ரெண்டு நிமிஷம் கழிச்சு தான் செல்லுபடியாகும். 24 மணி நேர, 72 மணி நேர டிக்கெட்டும் இருக்கு, தினமும் நாலஞ்சு தடவை ஏறி இறங்கறீங்கன்னா அது லாபம். 15 வயசுக்குள்ள குழந்தைக்கு ஊருக்குள்ள டிக்கெட் இல்ல, பாஸ்போர்ட்ட மட்டும் கையில வெச்சுக்கோங்க.

இப்ப முக்கியமான எடத்துக்கு வரேன், காசு மாத்தறது. ப்ராக்ல சுத்தி பாக்கறதுக்கு செலவே கம்மி, காசு போறது எல்லாம் இங்க தான். 2022ல நான் போனப்ப ஓல்டு டவுன் பக்கம் ஒரு கவுண்டர்ல கமிஷன் 0 சதவீதம்னு பெருசா போட்டிருந்தத பாத்து 100 யூரோ நீட்டினேன், அந்த பொண்ணு நோட்ட எண்ணி ரசீதோட தள்ளுச்சு, வெளிய வந்து எண்ணி பாக்கறேன் 1780 கொருனா. அன்னிக்கு உண்மையான ரேட்டுக்கு 2400க்கு மேல வரணும். கமிஷன் இல்லங்கறது நிஜம் தான், ரேட்டுலயே எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. பக்கத்துல ஒரு திண்ணைல உக்காந்து அந்த ரசீத திருப்பி திருப்பி பாத்துட்டு இருந்தப்ப தான் ஞாபகம் வந்துச்சு, 2019 ஏப்ரல் 1ல இருந்து அங்க ஒரு சட்டம் இருக்கு, 1000 யூரோ வரைக்கும் மாத்தினா 3 மணி நேரத்துக்குள்ள காரணமே சொல்லாம திருப்பி குடுத்துட்டு உங்க காச வாங்கிக்கலாம். ரசீதையும் 1780 கொருனாவையும் அப்படியே கொண்டு போய் வெச்சு, கேன்சல், மூணு மணி நேரம்னு ரெண்டே வார்த்தை தான் சொன்னேன், அந்த பொண்ணு ஒண்ணும் பேசல, ரெண்டு 50 யூரோ நோட்ட எடுத்து குடுத்துடுச்சு. அதனால ரசீத மட்டும் கசக்கி போட்டுடாதீங்க, திருப்பி தர மாட்டேன்னா போலீஸ் நம்பர் 158. இந்த கவுண்டர்கள கண்காணிக்கறது செக் நேஷனல் பேங்க், அங்க புகார் குடுக்கலாம். ரோட்ல நின்னுட்டு நல்ல ரேட் தரேன்னு கூப்பிடறவன்கிட்ட மட்டும் நெருங்கவே நெருங்காதீங்க, வேற நாட்டு செல்லாத நோட்ட குடுத்துட்டு போயிடுவான், அதுக்கு ரசீதும் கிடையாது சட்டமும் கிடையாது.

பெரும்பாலும் கார்டே போதும், டிராம்ல கூட கார்டு தட்டி டிக்கெட் எடுக்கலாம். கைச்செலவுக்கு கொஞ்சம் கொருனா வேணும்னா பேங்க் வாசல்ல இருக்கற பேங்கோட ஏடிஎம்ல எடுங்க, செஸ்கா ஸ்போரிடெல்னா, கொமெர்ச்னி பாங்கா, சிஎஸ்ஓபி இதெல்லாம் அங்க பெரிய பேங்க். நினைவுப்பொருள் கடை வாசல்ல, ஹோட்டல் சந்துல தனியா நிக்கற மெஷின்கள் வேணாம். எந்த மெஷின்லயும் கடைலயும் ரூபாயிலயா கொருனாவுலயான்னு கேக்கும், ரூபாய்னு பாத்ததும் நமக்கு வசதின்னு தோணும், அத தொட்டீங்கன்னா அவங்க ரேட்டு, கொருனாவ தொட்டா உங்க கார்டோட ரேட்டு. எப்பவும் கொருனா தான். சில மெஷின்ல கன்வர்ஷனோடவா, இல்லாமலான்னு கேக்கும், இல்லாமன்னு அமுக்குங்க.

இங்க ஊர்லயே ஒரு தப்பு நடக்கும், ஐரோப்பா போறோம்னு ஃபாரெக்ஸ் கார்டுல, அதாவது வெளிநாட்டு காச முன்கூட்டியே ஏத்தி வெக்கிற கார்டுல, யூரோ போட்டு எடுத்துட்டு போவாங்க, அத ப்ராக்ல தேய்ச்சா யூரோவ மறுபடி கொருனாவா மாத்தி அதுக்கு ஒரு சார்ஜ் பிடிப்பாங்க, ரெண்டு தடவை மாத்தற நஷ்டம். சாதாரண கிரெடிட் கார்டுன்னா வெளிநாட்டு செலவுக்கு பேங்க் கூட பிடிக்கற மார்க்கப் 3.5 சதவீதம் வரைக்கும், அதுக்கு மேல ஜிஎஸ்டி. மார்க்கப் இல்லாத கார்டு சில பேங்க்ல தராங்க, கிளம்பறதுக்கு முன்னாடி உங்க பேங்க்ல வெளிநாட்டு மார்க்கப் எவ்வளவுன்னு கேட்டு எழுதி வெச்சுக்கோங்க, இன்டர்நேஷனல் யூசேஜ ஆப்ல ஆன் பண்ணிடுங்க.

பாக்கற எடம்னா கோட்டை வளாகத்துக்குள்ள நுழைய காசே இல்ல, காலைல 6 மணிக்கே திறந்துடும், செக்யூரிட்டி க்யூ மட்டும் தான். உள்ள இருக்கற பழைய அரண்மனை, செயின்ட் விட்டஸ் கதீட்ரல்ங்கற பெரிய சர்ச், பேசிலிக்காங்கற இன்னொரு பழைய சர்ச் எல்லாம் சேர்ந்து ஒரே டிக்கெட், 2 நாள் செல்லும், இந்த ஒண்ணுக்கு மட்டும் கஞ்சம் பண்ணாதீங்க. அந்த கதீட்ரல 1344ல ஆரம்பிச்சு 1929ல தான் முடிச்சிருக்காங்க, 585 வருஷம், பொண்ண உள்ள நிக்க வெச்சு அத சொல்லுங்க. கோல்டன் லேன்னு சின்ன சின்ன கலர் வீட்டு சந்து ஒண்ணு, டிக்கெட் நேரம் முடிஞ்ச அப்புறம் சாயந்திரம் சும்மாவே நடந்து பாக்கலாம், வீட்டுக்குள்ள மட்டும் போக முடியாது. சார்லஸ் பாலம் 1357ல கட்ட ஆரம்பிச்சது, 516 மீட்டர் நீளம், ரெண்டு பக்கமும் 30 சிலை, மத்தியானம் போனா முன்னாடி போறவங்க முதுகு தான் தெரியும். எப்படியும் நம்ம ஊர் நேரத்துக்கு உடம்பு சீக்கிரம் முழிச்சுக்கும், அத வெச்சே ஒரு நாள் விடியக்காலைல போயிடுங்க, கீழ ஆத்துல பனி மூட்டமும் மேல கருத்த சிலைகளும் நீங்களும் மட்டும் தான் இருப்பீங்க, எனக்கு அந்த ஊர்ல ரொம்ப பிடிச்ச நேரம் அது. வானியல் கடிகாரம் 1410ஓடது, காலை 9ல இருந்து ராத்திரி 11 வரை மணிக்கு ஒரு தடவை பொம்மை வரும், எல்லாரும் அண்ணாந்து பாக்கற அந்த நிமிஷத்துல தான் பையில கை விடுவாங்க, பைய முன்னாடி மாட்டிக்கோங்க. விஷெஹ்ராட்னு தெக்கால ஒரு பழைய கோட்டை மேடு, ஆத்துக்கு மேல, கூட்டமே இருக்காது, காசும் இல்ல.

சாப்பாடு, வார நாள்ல மத்தியானம் பொலெட்னி மெனுன்னு போர்டுல எழுதி வெச்சிருப்பாங்க, ஆபீஸ் போறவங்க சாப்பிடற மதிய சாப்பாடு, சென்டர விட்டு ரெண்டு தெரு தள்ளினா 150ல இருந்து 220 கொருனாக்குள்ள முடியும், ரெண்டு மணிக்குள்ள போயிடணும். குலாஷ், ஸ்விச்கோவா எல்லாம் பெரும்பாலும் மாட்டுக்கறி, வேணாம்னா முன்னாடியே கேளுங்க, சைவம்னா ஸ்மஷெனி சிர்னு சீஸ் பொரிச்சு உருளைக்கிழங்கோட தருவாங்க, பெஸ் மாசான்னா கறி இல்லாமன்னு அர்த்தம். சதுக்கத்துல பெரிய பன்னித்தொடைய நெருப்புல சுத்திட்டு இருப்பாங்க, போர்டுல இருக்கற விலை 100 கிராமுக்கு, தட்டுல 300 கிராம் வெட்டி வெச்சுட்டு மூணு மடங்கு கேப்பாங்க, வெட்டறதுக்கு முன்னாடியே எவ்வளவு கிராம்னு சொல்லிடணும். டேபிள்ல கேக்காம வெக்கிற பிரெட்டுக்கும் பில் வரலாம். குழாய் தண்ணிய தாராளமா குடிக்கலாம், பாட்டில் எடுத்துட்டு போங்க.

கேள்வி: அதே ட்ரிப்புல வியன்னா, புடாபெஸ்ட்டும் சேர்த்துக்கலாமா? ஒரு தடவை போறோமே.

பதில்: 5 ராத்திரில மூணு ஊர் வேணாம், அந்த பேக்கேஜையே நீங்க சொந்த செலவுல பண்ண மாதிரி ஆயிடும். வியன்னாவுக்கு ரயில்ல 4 மணி நேரம், புடாபெஸ்ட் 7 மணி நேரம். ஒண்ணு மட்டும் வேணும்னா வியன்னா, ஃப்ளைட்ட ப்ராக்ல இறங்கி வியன்னால ஏறற மாதிரி போட்டா திரும்பி வர்ற ரயில் காசு மிச்சம், ரயில் டிக்கெட்ட முன்கூட்டி எடுத்தா ரொம்ப மலிவு. என்ன கேட்டா ஒரு பகல் குட்னா ஹோரா போய்ட்டு வாங்க, ரயில்ல சுமார் ஒரு மணி நேரம், பழைய வெள்ளி சுரங்க ஊரு, 1995ல இருந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு. அங்க மனுஷ எலும்பால அலங்காரம் பண்ண ஒரு சின்ன சர்ச் இருக்கு, குழந்தை பயப்படுவாளான்னு யோசிச்சுட்டு போங்க.

கேள்வி: மாமியாருக்கு அங்க இருந்து செக் கார்னெட் கல்லு தோடு வாங்கணும், ஏமாத்திடுவாங்களா?

பதில்: போஹீமியான்னு செக் நாட்டோட ஒரு பகுதி, அந்த போஹீமிய கார்னெட் நல்ல அடர்ந்த செவப்பு, சின்ன சின்ன கல்லா தான் வரும், பெரிய கல்லு ஒண்ண காட்டி கம்மி விலைன்னா சந்தேகப்படுங்க. டுர்னோவ் ஊர்ல இருக்கற கிரானாட் கூட்டுறவு சங்கத்து நகைன்னா சர்டிஃபிகேட் தருவாங்க, அத கேட்டு வாங்குங்க. ஒரே கடைல ஒரே நாள்ல 2000 கொருனாவுக்கு மேல வாங்கினா வரி ரீஃபண்ட் ஃபாரம் கேளுங்க, ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ் முத்திரை போடும்போது நகைய காட்ட சொல்லலாம், அதனால செக்-இன் பெட்டில போடாம கைப்பைலயே வெச்சுக்கோங்க.