தேக்கில் செய்த கிட்டாருக்கு எந்தப் பூச்சு?

கேள்வி: பழைய கதவிலிருந்து எடுத்த தேக்குப் பலகையை அறுத்து, இழைத்து, ஓர் எலெக்ட்ரிக் கிட்டாரின் உடலை நானே செய்து முடித்திருக்கிறேன். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் (சுருக்கமாக நைட்ரோ) என்ற பூச்சை அடித்தால்தான் நாதம் நன்றாக இருக்கும் என்று இசை நண்பர்கள் சொல்கிறார்கள். எங்கள் தெருத் தச்சரோ பி.யு. (பாலியுரித்தேன்) அடிக்கச் சொல்கிறார். என்னிடம் கம்ப்ரசர் கிடையாது. மொட்டை மாடி மட்டுமே உண்டு. எதைத் தேர்ந்தெடுக்கலாம்?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: நாதத்தை நினைத்துப் பூச்சைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். உள்ளே கூடு இல்லாத கட்டை உடல் கிட்டாரில், காந்தத்தைச் சுற்றிக் கம்பிச் சுருள் வைத்த பிக்கப், உலோகத் தந்தியின் அசைவைத்தான் மின்னலையாக மாற்றுகிறது; மரத்தின் மேலுள்ள மெல்லிய படலம் காதுக்கு எட்டும் வேறுபாட்டைத் தரும் என்று நான் கருதவில்லை. நைட்ரோவின் புகழுக்குக் காரணம் 1950-களின் கிட்டார்கள். அன்றைய தொழிற்சாலைகள் அதைப் பயன்படுத்தியதற்கு, அது விரைவாகக் காய்வதும் கார்களுக்காக ஏற்கெனவே பெருமளவில் தயாரிக்கப்பட்டதுமே போதுமான காரணங்கள். ஃபெண்டர் கிட்டார் நிறுவனத்தின் புகழ்பெற்ற லேக் பிளாசிட் புளூ நிறமே டூபாண்ட் நிறுவனத்தின் அக்ரிலிக் கார் பெயிண்ட்தான்.

நைட்ரோவுக்கு உண்மையான சிறப்பு ஒன்று உண்டு. புதிய பூச்சு பழைய பூச்சைக் கரைத்து அதனோடு ஒன்றிவிடுவதால், கீறல் விழுந்த இடத்தைப் பின்னாளில் தடம் தெரியாமல் சரிசெய்யலாம். ஆனால் ஈரக்காற்றில் அடித்தால், தின்னர் வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிர்விக்க, அதில் ஈரம் படிந்து பூச்சு பால்போல் வெளுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் உங்கள் மாடியில் அதை முயலவே கூடாது. தச்சர் சொல்லும் இரட்டைக் கலவை பி.யு. மிக உறுதியானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதை இறுகச்செய்யக் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருப்பதால், அதை ஸ்பிரே செய்யும்போது எழும் புகைமூட்டம் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடும். துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி இல்லாமல் வீட்டில் அதை அடிக்காதீர்கள்.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது, துணியால் தடவினால் மரத்தில் ஊறிக் காயும் எண்ணெய்ப் பூச்சான டேனிஷ் ஆயில். தேக்கின் ரேகையை வண்ணத்தால் மறைப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை என்பதும் இதற்கு ஒரு காரணம். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. அது பல பூச்சுகளை ஒட்டவிடாமலும் காயவிடாமலும் செய்யும். ஆகவே 220-ஆம் எண் உப்புத்தாள் வரை தேய்த்த பின், அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, அது உலர்ந்தவுடன் காலம் தாழ்த்தாமல் முதல் பூச்சைத் தாராளமாகத் தடவுங்கள். கால்மணி நேரம் ஊறவிட்டு, மிச்சத்தை முழுவதுமாகத் துடைத்தெடுங்கள். துடைக்காமல் விட்டால் பிசுபிசுப்பு நாள்கணக்கில் போகாது. ஒரு நாள் இடைவெளியில் மூன்று, நான்கு முறை இப்படிச் செய்தால் போதும். தந்தி மாட்டும் முன் இரண்டு வாரம் பொறுங்கள்.

எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது வெப்பம் உண்டாகும். சுருட்டிய துணிக்குள் அது வெளியேற வழியின்றி, துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடும். திறந்த வெளியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது நீரில் அமிழ்த்தி வையுங்கள்.

கண்ணாடிபோன்ற பளபளப்புதான் வேண்டுமென்றால், எண்ணெயைத் தொடாமல், மெழுகு நீக்கிய அரக்குப் பூச்சை அடித்தளமாகத் தடவி, அதன் மேல் ஸ்பிரே கேனில் கிடைக்கும் லாக்கரை மெல்லிய பல அடுக்குகளாக அடியுங்கள். கழுத்து பொருந்தும் குழிக்குள் பூச்சு படாதவாறு முன்னதாகவே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். அங்கே சேரும் கனம் கழுத்தைச் சரியாக அமரவிடாது. பல வாரம் கழித்து, மூக்கை அருகில் கொண்டுபோனாலும் தின்னர் வாசனை வராத நிலையில்தான் வாட்டர் பேப்பரால் தேய்த்து மெருகேற்ற வேண்டும். விளிம்புகளில் மட்டும் கையை இலேசாக வைத்துக்கொள்ளுங்கள். பூச்சு முதலில் தேய்ந்து மரம் வெளிப்படுவது அங்கேதான்.

கேள்வி: வாங்கிய மேப்பிள் கழுத்து பூச்சில்லாமல் வந்திருக்கிறது. அதற்கும் இதே எண்ணெய் போதுமா?
— அதே வாசகர்

பதில்: பின்புறத்துக்குப் போதும், கட்டைவிரல் தடையின்றி வழுக்கிச் செல்லும். விரற்பலகையும் மேப்பிள் என்றால் எண்ணெய் மட்டும் போதாது. வியர்வையும் அழுக்கும் ஏறி, ஃபிரெட்டுகளுக்கு (குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளுக்கு) இடையே கருந்திட்டுகள் விழும். அந்தப் பக்கத்துக்குத் துணியால் தடவக்கூடிய, ஹார்டனர் கலக்கத் தேவையில்லாத ஒற்றைக் கலவை பாலியுரித்தேனை மெல்லியதாக மூன்று முறை பூசுங்கள்.