மூக்கு பெருசா விழுது, என்ன பண்ண? – வாசகர் கேள்வி பதில்

எங்க அம்மாயிக்கு எண்பது வயசு. ஃபோன்ல கிட்டக்க போயி எடுத்தா மூக்கு மட்டும் பெருசா விழுது, காதுல போட்டிருக்கிற தோடே தெரியல. நல்ல ஃபோனா வாங்கணுமா? – வாசகி, கோபிசெட்டிபாளையம்

ஃபோனை மாத்த வேணாம்மா, நீங்க நிக்கிற இடத்தை மாத்துங்க. ஒரு அடியில ஃபோனை நீட்டுனா மூக்கு ஒரு அடியில இருக்கு, காது கிட்டத்தட்ட ஒண்ணரை அடியில இருக்கு, அப்ப மூக்கு ஊதித்தான் தெரியும். அதே ஆறடி தள்ளி நின்னீங்கன்னா அந்த அரை அடியெல்லாம் ஒரு கணக்கே இல்ல. எல்லாரும் லென்ஸ் மேல பழியப் போடுவாங்க, தப்பு பண்றது தூரம்தான். அதனால ஆறடி தள்ளி நின்னு ஜூம்ல 2எக்ஸ் இல்லன்னா 3எக்ஸ் அமுக்கி எடுங்க.

அப்புறம் வெளிச்சம். காலைல ஒரு ஒம்போது மணிக்கு வெயில் நேரா விழாத வாசப்படியா பாத்து, வீட்டுக்குள்ள படிய ஒட்டுன மாதிரி ஒரு சேர் போட்டு, வெளிய பாக்குற மாதிரி உக்கார வைங்க. உள்ள எரியிற டியூப்லைட்ட அணைச்சிருங்க, இல்லன்னா பகல் வெளிச்சமும் அதுவும் கலந்து மூஞ்சி ஒரு பக்கம் ஒரு கலரா இருக்கும். மூஞ்சிய லேசா ஒரு பக்கம் திருப்பச் சொன்னா ஒரு கன்னத்துல நிழல் விழும், சுருக்கம் ஒவ்வொண்ணா எழுந்து நிக்கும், தோடும் தெரியும். வெள்ளை வேட்டி ஒண்ண மடியில விரிச்சுப் போட்டீங்கன்னா தாடைக்குக் கீழ இருக்கிற இருட்டும் போயிடும். ஒண்ணு மட்டும், பியூட்டி மோடை ஆஃப் பண்ணிருங்க. எண்பது வருஷத்த ஒரே தேய்ப்புல அழிச்சிட்டு அது என்னத்த அழகு பண்ணப் போகுதோ தெரியல.

என் தம்பி நல்ல கருப்பு. எந்த ஃபோட்டோ எடுத்தாலும் சாம்பல் பூசுன மாதிரி வருது. – வாசகர், சிவகாசி

இது உங்க தம்பி தப்பில்ல. கேமராவுக்கு ஆளும் தெரியாது கலரும் தெரியாது, எதைக் காட்டினாலும் சராசரியா ஒரு நடுத்தர சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பாக்கும். கருப்பு மூஞ்சி, பின்னாடியும் இருட்டுச் சுவருன்னா வெளிச்சத்த ஏத்தி வெளுக்க வெச்சிரும். மூஞ்சி மேல விரல வெச்சீங்கன்னா பக்கத்துல சூரியன் மாதிரி ஒரு குறி வரும், அதைக் கீழ இழுங்க, தோல் நேர்ல பாக்குற மாதிரி வர்ற வரைக்கும். ஃபிளாஷ் வேணாம், நெத்தியில மட்டும் பளிச்சுனு அடிச்சிட்டு மத்ததெல்லாம் செத்துப் போயிரும். பெரிய ஜன்னல் பக்கத்துல நிறுத்துங்க, கருப்புத் தோல்ல அந்த வெளிச்சம் கன்னத்து மேல வழுக்கிட்டுப் போற அழகே தனி. நான் ஸ்டூடியோவுல வேலை கத்துக்கிட்டப்ப கருப்பா யாரு வந்தாலும் பவுடர் அப்பித்தான் உக்கார வைப்போம், நானே எத்தனையோ பேருக்கு அப்பியிருக்கேன், இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு. கர்சீப்பால எண்ணெய ஒத்தி எடுத்தா போதும்.

பழைய கேமராவும் 50எம்எம் 1.8 லென்ஸும் வாங்கினேன். ஒரு கண்ணு ஷார்ப்பா இருக்கு, இன்னொண்ணு மங்கலா இருக்கு. லென்ஸ் போச்சா? – வாசகர், தாம்பரம்

லென்ஸ் நல்லாத்தான் இருக்கு, நீங்கதான் எப்பவும் 1.8லயே வெச்சிருக்கீங்க. அது லென்ஸோட வாய் எவ்வளவு தொறந்திருக்குன்னு சொல்ற நம்பர், நம்பர் சின்னதா இருந்தா வாய் பெருசு, ஷார்ப்பா விழுற இடம் கம்மி. மூணடி தூரத்துல அதுல ஷார்ப்பா விழுறது ரெண்டு மூணு சென்டிமீட்டர்தான், மூஞ்சி கொஞ்சம் திரும்புனா ரெண்டாவது கண்ணு அதுக்கு வெளிய போயிரும். 2.8, இல்லன்னா 4 வைங்க, கொஞ்சம் பின்னாடி போங்க, ஃபோகஸ் பாயின்ட்ட உங்களுக்குக் கிட்ட இருக்கிற கண்ணு மேல வைங்க. ஷட்டர் தொறந்து மூடுற நேரம் ஒரு செகண்டுல 200ல ஒரு பங்குக்கு மேல போக வேணாம், கொழந்தைன்னா 500ல ஒரு பங்கு. அதுக்காக ஐஎஸ்ஓ, அதாவது கேமரா படத்த வெளிச்சமாக்கிக் காட்டுற அளவு, ஏறினா ஏறட்டும், புள்ளி புள்ளியா இருக்கிற ஃபோட்டோவ மன்னிச்சிரலாம், ஆடுன ஃபோட்டோவ ஒண்ணும் பண்ண முடியாது.

அப்பா கேமராவைப் பாத்தாலே பாஸ்போர்ட் ஆபீஸ்ல நிக்கிற மாதிரி வெறச்சுக்கிறாரு. – வாசகி, காரைக்குடி

சிரிங்கப்பான்னு சொல்லவே சொல்லாதீங்க. கையில ஏதாவது வேலை குடுங்க, வெத்தலை போடுறவரா இருந்தா காம்பு கிள்ளச் சொல்லுங்க, குனிஞ்சு கிள்ளிட்டு நிமிர்ற அந்த நேரத்துல அமுக்குங்க. நாலஞ்சு எடுத்துட்டு "முடிஞ்சிருச்சுப்பா"ன்னு சொல்லுங்க, ஆனா ஃபோனை இறக்காதீங்க. தோள் ரெண்டும் அப்படியே தளந்து விழும் பாருங்க, அப்பத்தான் உங்க அப்பா வர்றாரு. கண்ணாடி போட்டிருந்து அதுல ஜன்னல் பளபளன்னு அடிச்சா கழட்டச் சொல்ல வேணாம், காதுக்கு மேல இருக்கிற கம்பியக் கொஞ்சம் தூக்கி விட்டா கண்ணாடி கீழ சாஞ்சு பளபளப்பு போயிடும்.