சின்னங்களில் ஏன் ஒற்றைப் பாய்மரம்?

கேள்வி: பல நகரங்களின் சின்னங்களிலும் கொடிகளிலும் கப்பல் இடம்பெறுகிறது. மூன்று பாய்மரங்கள் கொண்ட கப்பல்கள் உலகைச் சுற்றிவந்த காலத்துக்குப் பின் உருவான சின்னங்களில்கூட ஒரே பாய்மரம் இருப்பது ஏன்?

பதில்: ஐரோப்பியத் துறைமுக நகரங்கள் தம் முத்திரைகளில் கப்பலைப் பொறிக்கத் தொடங்கிய காலத்தில், அப்பகுதியின் வடகடல்களில் ஓடிய கப்பல்களுக்கு நடுவில் ஒரு பாய்மரமும் அதில் ஒரு சதுரப் பாயும்தான் இருந்தன. அன்று செதுக்கியவர்கள் கண்டதையே செதுக்கினார்கள். அதுவும் எவ்வளவு நுணுக்கமாக என்றால், பக்கவாட்டுத் துடுப்பால் கப்பலைத் திருப்பும் பழைய முறை மாறி, சுக்கான் பின்புறத்துக்கு வந்துவிட்டதை 1242ஆம் ஆண்டைச் சேர்ந்த எல்பிங் (இன்று போலந்தில் உள்ளது) நகர முத்திரையிலிருந்தே வரலாற்றாசிரியர்கள் அறிகிறார்கள். வட்டமான முத்திரையில் வளைந்த உடற்பகுதி கீழ் விளிம்போடு பொருந்திவிட, நடுவே நிமிர்ந்து நிற்கும் ஒற்றை மரம் மேற்பகுதியை நிரப்பியதும் இவ்வடிவம் நிலைத்ததற்கு ஒரு காரணம் என்பது என் கருத்து.

கப்பல் கட்டும் முறை மாறியபோதும் சின்னம் மாறவில்லை. கேடயச் சின்னக் கலையில் மூலம் படம் அன்று, அதை விவரிக்கும் எழுத்து வருணனைதான். ஸ்காட்லாந்துச் சின்னங்களில் 'லிம்ஃபாட்' என்று எழுதினாலே ஒற்றைப் பாய்மரமும் துடுப்புகளும் கொண்ட பழங்காலக் கப்பல் என்று ஓவியர் புரிந்துகொள்வார். பாய் சுருட்டப்பட்டுள்ளதா விரிக்கப்பட்டுள்ளதா, துடுப்புகள் இயங்குகின்றனவா, உச்சியில் கொடி பறக்கிறதா என்பவற்றையும் வருணனை குறிப்பிடுவதுண்டு. மெக்டொனால்டு, கேம்பெல் முதலிய மேற்குக் கரைக் குலங்கள் இக்கப்பலைச் சூடியது வெறும் அழகுக்காக அன்று. 1315இல் மன்னர் ராபர்ட் புரூஸ், காலின் கேம்பெலுக்கு நிலம் வழங்கியபோது, அதற்கு ஈடாக 40 துடுப்புக் கப்பல் ஒன்றைப் பணிக்கு அளிக்க வேண்டும் என்று விதித்தார். அங்கே கப்பல்தான் அதிகாரம்.

கனடாவின் நியூ பிரன்சுவிக் மாகாணம் உங்கள் கேள்விக்கு மிகப் பொருத்தமான சான்று. பெரிய பாய்மரக் கப்பல்களைக் கட்டிப் புகழ்பெற்றிருந்த அம்மாகாணத்துக்கு 1868இல் சின்னம் வழங்கப்பட்டபோது, கப்பல் கட்டும் தொழிலைக் குறிக்கத் துடுப்புகளுடன் கூடிய பழைய ஒற்றைப் பாய்மரக் கப்பலே தேர்ந்தெடுக்கப்பட்டது. 1965இல் ஏற்கப்பட்ட கொடியிலும் அதுவே உள்ளது. தொழிலைச் சுட்டுவதே நோக்கமென்பதால், எந்தக் கப்பல் என்ற கேள்வி அங்கே எழவில்லை. பாரிஸ் நகரச் சின்னத்தின் கப்பலும் அப்படித்தான்: அது சேன் ஆற்றில் வணிகம் செய்தவர்களின் சங்க முத்திரையிலிருந்து வந்தது. அச்சின்னத்தோடு வரும், 'அலைக்கழிக்கப்படும், ஆனால் மூழ்காது' என்ற பொருளுடைய லத்தீன் வாசகம் 1853இல்தான் அதிகாரப்பூர்வமாயிற்று.

குறிப்பிட்ட ஒரு நிகழ்வை நினைவூட்டும் சின்னங்களோ வேறு வகை. பெர்முடாவின் கொடியில் உள்ள சின்னம், 1609இல் அத்தீவருகே பாறையில் மோதிய 'சீ வென்ச்சர்' கப்பலைக் காட்டுகிறது. 1962இல் உருவான டிரினிடாட் டொபாகோ சின்னத்திலுள்ள மூன்று கப்பல்கள் கொலம்பஸுடையவை. இத்தகைய சின்னங்களில் லிம்ஃபாட் பொருந்தாது.