திரைவாசிப்பான் ஏன் உளறுகிறது?

கேள்வி: டர்பன், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயிலின் உறுப்பினர் பதிவுக்கும் அர்ச்சனைச் சீட்டுக்கும் உலாவியில் இயங்கும் சிறிய மென்பொருள் ஒன்றை எழுதினேன். திரை ஆங்கிலத்தில் இருக்கும். உறுப்பினர், பூஜை பெயர்கள் தமிழில். பழைய பட்டியல் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பார்வையற்ற இளைஞர், திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானைப் பயன்படுத்துகிறார். அது பல இடங்களில் "பட்டன், பட்டன்" என்று மட்டும் சொல்கிறது. தமிழ்ப் பெயர்கள் வந்தால் உளறுகிறது. எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டுமா?

பதில்: வேண்டாம். இவை இரண்டு வெவ்வேறு கோளாறுகள். முதலாவது எளிது, இரண்டாவதுதான் உங்களை வேலை வாங்கும்.

பொத்தான்களில் படத்தை மட்டும் வைத்துவிட்டுப் பெயர் கொடுக்காமல் இருந்திருப்பீர்கள். அச்சுப்பொறிப் படம் கண்ணுக்குப் புரியும். திரைவாசிப்பானோ நிரலில் இருப்பதை மட்டுமே படிக்கும். ஒவ்வொரு பொத்தானுக்கும் பெயரும், விவரம் நிரப்பும் ஒவ்வொரு பெட்டிக்கும் அது எதற்கு என்று சொல்லும் லேபிளும் கொடுங்கள். பெட்டிக்குள் மங்கலாகத் தெரியும் குறிப்பை லேபிளாகக் கருத வேண்டாம். தட்டச்சு செய்யத் தொடங்கியதும் அது மறைந்துவிடும். பிறகு மௌஸைக் கழற்றிவிட்டு, விசைப்பலகையால் மட்டும் ஒரு சீட்டை அச்சிட்டுப் பாருங்கள். தேதி தேர்ந்தெடுக்கும் நாட்காட்டியில் சிக்கிக்கொள்வீர்கள் என்பது என் ஊகம். அதை எடுத்துவிட்டு, தேதியை நேரடியாகத் தட்டச்சு செய்ய விடுங்கள். பார்வை உள்ளவர்களுக்கும் அதுதான் விரைவு.

இனி பாமினி. அந்தப் பட்டியலில் கணினி சேமித்து வைத்திருப்பது தமிழே அல்ல, ஆங்கில எழுத்துகளும் குறிகளும். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேடம் போட்டுக் காட்டுகிறது. "அம்மன்" என்று நீங்கள் பார்ப்பது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, டி, அரைப்புள்ளி. பாவம், திரைவாசிப்பான் இருப்பதைத்தான் படிக்கிறது! தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடு முறைக்கு மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

மாற்றித் தரும் இணையதளங்கள் உண்டு. ஆனால் உறுப்பினர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் முன்பின் தெரியாத தளத்தில் ஒட்டாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா, ஒருவரின் மத நம்பிக்கையைக்கூடச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய தகவலாக வைத்திருக்கிறது. கோயில் பட்டியல் என்றாலே அது வெளிப்பட்டுவிடுகிறதே. உங்கள் கணினியிலேயே இயங்கும் மாற்றியைப் பயன்படுத்துங்கள். முதலில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றியபின் "ர்", "ரி" வரும் பெயர்களைச் சரிபாருங்கள்: பாமினியில் பலர் ரகரத்துக்குப் பதிலாகத் துணைக்காலைத் தட்டியிருப்பார்கள். அச்சில் வேறுபாடு தெரியாது. மாற்றியதும் குட்டு வெளிப்படும்.

யூனிகோடுக்கு வந்தபின், ஆங்கிலப் பக்கத்தில் தமிழ் வரும் இடங்களை பக்கத்தின் நிரலான எச்டிஎம்எல்லில் தமிழ் என்று மொழிக்குறி இட்டுக் காட்டுங்கள். அப்போது என்விடிஏ தானாகவே தமிழ்க் குரலுக்கு மாறும். அதனுடன் வரும் இஸ்பீக் குரல் தமிழ் பேசும், ஆனால் கரகரப்பாக இருக்கும். விண்டோஸில் தமிழ்ப் பேச்சுத் தொகுப்பை நிறுவினால் "வள்ளுவர்" என்ற குரல் கிடைக்கும். என்விடிஏயில் அதையும் தேர்ந்தெடுக்கலாம். எந்தக் குரல் வேண்டும் என்பதை அந்த இளைஞரே முடிவு செய்யட்டும். பழகியவர்கள் கரகரப்பான குரலையே அதிவேகத்தில் ஓடவிட்டுக் கேட்பார்கள். நமக்கு ஒரு சொல்லும் புரியாது.

பொத்தான் பெயர்களை இந்த வாரமே முடித்துவிடுங்கள். பட்டியலைப் புரட்டாசிக் கூட்டம் தொடங்குவதற்குள் மாற்றினால் போதும்.