ஃபிஷ் (ஜீன்களை ஒளிரும் புள்ளிகளாகக் காட்டும் சோதனை) படங்களில் உட்கருவுக்குள் தெரியும் ஒளிப்புள்ளிகளை மென்பொருளே எண்ணினால் நம்பலாமா?

நம்பலாம், உட்கருக்களை அது சரியாகப் பிரித்திருக்கிறதா என்று ஓர் ஆள் பார்த்த பிறகு. நீங்கள் ஆய்வகத்துக்கு மென்பொருள் வாங்கத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், மார்பகப் புற்றுநோய்த் திசுக்களில் ஹெர்2 ஃபிஷ் பார்ப்பது, அதாவது ஹெர்2 என்ற ஜீன் அளவுக்கு மீறிப் பெருகியிருக்கிறதா என்று பார்ப்பது, என் வேலை. இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கத்து எங்கள் பெண்களின் ஸ்லைடுகளும் வரும். டாப்பி சாயத்தில் உட்கரு நீலம். உள்ளே ஹெர்2 ஜீன் ஆரஞ்சுப் புள்ளி, அந்த ஜீன் இருக்கும் 17ஆம் குரோமோசோமின் சென்ட்ரோமியர் (இடுக்குப் பகுதி) பச்சைப் புள்ளி. குறைந்தது 20 உட்கருக்களில் இரண்டையும் எண்ணி, பச்சைக்கு ஆரஞ்சு எத்தனை மடங்கு என்ற விகிதம் பார்ப்போம்.

ஒரு நிறுவனத்து விற்பனையாளர் மென்பொருளை ஓட்டிக்காட்ட வந்தார். நான் எண்ணி நெகட்டிவ் (ஜீன் பெருகவில்லை) என்று முடித்திருந்த ஸ்லைடைக் கொடுத்தேன். விகிதம் எனக்கு வந்தது போலவே 2-க்குக் கீழே. எல்லாருக்கும் திருப்தி. சராசரியைக் காட்டுங்கள் என்றேன். ஓர் உட்கருவுக்கு ஹெர்2 எண்ணிக்கை 4-ஐத் தாண்டியிருந்தது. என் கணக்கில் 3-கூட இல்லை. ஒட்டிக்கிடந்த உட்கருக்களைச் சேர்த்து ஒரே கோட்டுக்குள் வளைத்திருந்தது. அப்படிச் சேர்த்தால் ஆரஞ்சும் பச்சையும் ஒன்றாகவே கூடும், விகிதம் அசையாது, பிழை கண்ணில் படாது. ஆனால் சராசரி 4-ஐத் தொட்டால் அது நேரடி நெகட்டிவ் இல்லை. இன்னொருவர் மறுபடி எண்ண வேண்டும். அந்த அம்மா ரிப்போர்ட்டுக்காக வீணாகக் காத்திருப்பார்.

கையால் எண்ணினாலும் ஆளுக்கு ஆள் மாறுமே என்று சண்டைக்கு வருவீர்கள். மாறும்தான். நான் மென்பொருளுக்கு எதிரி இல்லை. ஸ்டார்டிஸ்ட், செல்போஸ் போன்ற மென்பொருள்கள் நெருங்கிய உட்கருக்களை நன்றாகவே பிரிக்கின்றன. ஆனால் நான்கைந்து மைக்ரான் தடிமன் திசுவில் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால் அவையும் திணறும். கோடுகளைத் திரையில் காட்டி, தவறானதை நீக்க விடும் மென்பொருளை மட்டும் வாங்குங்கள்.

அப்புறம், கேட்காததையும் சொல்கிறேன்: மெர்க்குரி விளக்கு வைத்த மைக்ராஸ்கோப் வேண்டாம். 2023-இல் லோட்ஷெடிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) உச்சத்தில் இருந்தபோது நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அணைந்த விளக்கு ஆறும்வரை மறுபடி ஏற்றக் கூடாது, ஏற்றினால் நிலைக்கும்வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடும். மென்பொருளுக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் முதலில் எல்இடி விளக்குக்கும் யுபிஎஸ்ஸுக்கும் ஒதுக்கட்டும்.